ஃபிட்டருக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், படிவத்தில் 'இல்லை' போடச் சொல்கிறார் கேப்டன்

#1 இரவுக்காவல்

வணக்கம். நான் ஒரு பல்க் கேரியரில் (மொத்தச் சரக்குக் கப்பல்) செகண்ட் ஆபிசர். மருந்துப் பெட்டியும் என் பொறுப்பு. கப்பலில் 22 பேர், டாக்டர் கிடையாது. இன்னும் 48 மணி நேரத்தில் துறைமுகம்.

எங்கள் ஃபிட்டருக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். காலையில் தணிகிறது, சாயங்காலம் நடுக்கத்தோடு 39.4 வரை ஏறுகிறது. இருமல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. தலைவலி, உடம்பு வலி உண்டு. பாரசிட்டமால் கொடுத்தால் வியர்த்துக் கொட்டி இறங்கும், அப்புறம் மறுபடி ஏறும்.

துறைமுகத்துக்கு அனுப்பும் கடல்சார் சுகாதார அறிவிப்பை (எம்.டி.எச். என்போமே, அதுதான்) நேற்று நிரப்பினேன். நான்காவது கேள்வி, 'இப்போது கப்பலில் நோயாளி யாராவது உண்டா'. 'ஆம்' போட்டுக் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். கேப்டன் அதன் மேல் கோடு கிழித்து 'இல்லை' என்று எழுதித் திருப்பித் தந்துவிட்டார். "சாதாரண ஜுரம். 'ஆம்' என்று போனால் துறைமுகத்துக்கு வெளியே ஆங்கரேஜில் நாலு நாள் தொங்கவிடுவார்கள். கப்பலின் நாள் வாடகையை நீயா கட்டுவாய்?" என்கிறார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. அனுபவஸ்தர்கள் சொல்லுங்கள்.

#2 உப்புக்காற்று

கேப்டன் சொல்வது சரி. 26 வருடம் எஞ்சின் ரூமில் இருந்தவன் சொல்கிறேன். ஒரு துறைமுகத்தில் எங்கள் மெஸ்மேனுக்கு வெறும் அம்மை. உண்மையைச் சொன்னோம். மூன்று நாள் வெளியே நிறுத்தினார்கள், நாலு பேர் ஏறி வந்து கப்பலை மோப்பம் பிடித்தார்கள், கடைசியில் இரண்டு கார்ட்டன் சிகரெட் வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். அதற்கு அடுத்த துறைமுகத்தில் இருவருக்குக் காய்ச்சல் இருந்தும் 'இல்லை' போட்டோம், இரண்டு மணி நேரத்தில் கப்பலைக் கரையில் கட்டினோம். எது புத்திசாலித்தனம் என்று நீங்களே சொல்லுங்கள்.

#3 கயிற்றுமுனை

நான் கரையில் கப்பல் ஏஜென்ட். ஒரு விஷயம் மட்டும். கோடு கிழித்து மாற்றுவதெல்லாம் காகிதக் காலத்துப் பழக்கம். 2024 ஜனவரி 1 முதல் துறைமுகங்கள் மாரிடைம் சிங்கிள் விண்டோ என்ற ஒரே மின்னணு வழியாகத்தான் வருகைத் தகவல்களை வாங்க வேண்டும் என்று ஐ.எம்.ஓ. (சர்வதேச கடல்சார் அமைப்பு) கட்டாயமாக்கிவிட்டது. நீங்கள் அனுப்பும் எம்.டி.எச். எந்த மணி, எந்த நிமிடத்தில் வந்தது என்பது பதிவில் நிற்கும். இரண்டு நாள் கழித்து ஃபிட்டரை ஸ்ட்ரெச்சரில் இறக்கினால், 'அப்போது நன்றாகத்தான் இருந்தார்' என்று யாரும் சொல்ல முடியாது. அவருடைய காய்ச்சல் சார்ட்டே காட்டிக்கொடுத்துவிடும். பொய் அறிவிப்பு பல நாடுகளில் குற்றம். கையெழுத்து கேப்டனுடையது, சார்ட் உங்களுடையது.

#4 கரைமருத்துவன்

துறைமுகச் சுகாதார அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். படிவத்தை அப்புறம் பார்ப்போம் தம்பி. முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள்: கடைசியாக எந்த மாதிரித் துறைமுகத்தில் நின்றீர்கள், அங்கிருந்து கிளம்பி எத்தனை நாள், அங்கே இரவில் ஃபிட்டர் எங்கே வேலை செய்தார்?

#5 இரவுக்காவல்

சார், ஆற்றுக்குள் இருக்கும் துறைமுகம், வெப்ப மண்டலம். ஐந்து நாள் சரக்கு ஏற்றினோம். கிளம்பி இன்றோடு 13 நாள். ஹேட்ச் கவரில் (சரக்கறை மூடி) வெல்டிங் வேலை இருந்ததால் ஃபிட்டர் மூன்று ராத்திரி டெக்கில்தான் இருந்தார். கொசு பயங்கரம். மலேரியா மாத்திரை எல்லோருக்கும் கொடுத்தேன். அவர் வயிற்றைப் புரட்டுகிறது என்று பாதியில் நிறுத்திவிட்டதாக இப்போதுதான் சொல்கிறார்.

#6 கரைமருத்துவன்

இதை எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் நீங்கள் மருந்துப் பெட்டியைத் திறந்திருக்க வேண்டும். மலேரியா உள்ள கரையிலிருந்து வந்தவருக்குக் காய்ச்சல் என்றால், இல்லை என்று நிரூபிக்கும்வரை அது மலேரியாதான். கொசு கடித்து ஒரு வாரத்துக்குப் பிறகே தலைகாட்டும், பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் வந்துவிடும். உங்கள் ஆளுக்குக் கிளம்பிய பத்தாம் நாள் ஆரம்பித்திருக்கிறது. கணக்கு பொருந்துகிறதா? மலேரியாவிலேயே ஆபத்தான ஃபால்சிபாரம் வகை என்றால் இன்று எழுந்து நடமாடுபவர் நாளை நினைவு தப்பிப் போகலாம். 48 மணி நேரம் பெரிய அவகாசம் இல்லை.

பெட்டியில் விரலில் குத்திப் பார்க்கும் ரேபிட் டெஸ்ட் கிட் இருந்தால் உடனே செய்யுங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். முடிவு எதுவானாலும் ரேடியோ மெடிக்கல் சேவையைக் கூப்பிடுங்கள். எந்த நாட்டுக் கொடிக் கப்பலானாலும் இரவு பகல் பாராமல் இலவசமாகக் கிடைக்க வேண்டிய சேவை அது, கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையிலேயே இருக்கிறது. ரோமில் இதற்கென்றே 1935-இல் ஒரு மையம் தொடங்கி இன்றும் நடக்கிறது. வெப்பநிலை, நாடித்துடிப்பு, மூச்சு எண்ணிக்கை, கண் மஞ்சளா, சிறுநீர் நிறம் எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.

படிவ விஷயம் இரவு எழுதுகிறேன். முதலில் ஆளைப் பாருங்கள்.

#7 பழைய_சுக்கான்

14 வருடம் கேப்டனாக இருந்தவன். #1-இல் இருக்கும் கேப்டன் மேல் எல்லோரும் பாய்வதற்கு முன்: நாள் வாடகை, சார்ட்டரர் (கப்பலை வாடகைக்கு எடுத்தவர்) மெயில், ஆபீஸ் போன் எல்லாம் அவர் தலையில்தான் விழும். நானும் ஒருமுறை 'இல்லை' போட்டிருக்கிறேன். தப்பித்தேன். இப்போதும் அதைப் பெருமையாகச் சொல்ல மாட்டேன்.

தம்பிக்கு ஒரு வழி. கேப்டனிடம் விவாதம் பண்ணாதே. ரேடியோ டாக்டர் தரும் ஆலோசனையை எழுத்தில், மெயிலாகக் கேள். வந்ததும் பிரிண்ட் எடுத்து மெடிக்கல் லாக்கில் ஒட்டி, அவர் மேசையில் வை. ஐந்தாம் கேள்வி என்ன? 'மருத்துவரைக் கலந்தாலோசித்தீர்களா'. கலந்தாலோசித்துவிட்டு நான்காம் கேள்விக்கு 'இல்லை' போட எந்தக் கேப்டனுக்கும் கை வராது.

#8 உப்புக்காற்று

மலேரியா என்றால் சரி, அது வேறு. மருந்து கொடுங்கள். ஆனால் எதற்குக் கரைக்குச் சொல்ல வேண்டும்? சொன்னால் மஞ்சள் கொடி ஏற்றி, கொள்ளைநோய்க் கப்பல் மாதிரி வெளியே நிறுத்திவிடுவார்கள். அதுதானே நடக்கும்?

#9 ஏடுபுரட்டி

உப்புக்காற்று அண்ணே, மஞ்சள் கொடியை எல்லோரும் தலைகீழாகத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம். இன்றைய சர்வதேச சமிக்ஞைக் குறியீட்டில் மஞ்சள் 'கியூ' கொடிக்கு அர்த்தம்: 'என் கப்பல் ஆரோக்கியமாக இருக்கிறது, உள்ளே வர சுகாதார அனுமதி கேட்கிறேன்.' நோயைச் சொல்லும் கொடியாக இருந்தது பழைய கதை.

நாள் கணக்கில் நிறுத்தி வைக்கும் பழக்கத்துக்கும் வயது அதிகம். 1377-இல் ரகூசா (இன்றைய டுப்ரோவ்னிக்) நகரம், பிளேக் பகுதியிலிருந்து வருபவர்களை 30 நாள் தள்ளி வைக்கச் சட்டம் போட்டது. பிறகு அது 40 ஆகி, 'குவாரன்டைன்' என்ற சொல் அந்த நாற்பதிலிருந்து வந்தது. யாருக்கு என்ன நோய், எதனால் பரவுகிறது என்று தெரியாத காலம், அதனால் எல்லோரையும் ஒரே மாதிரி நிறுத்தினார்கள். 1898-இல் பால் லூயி சிமோன் எலித் தெள்ளுப்பூச்சிதான் பிளேக்கைக் கடத்துகிறது என்று கராச்சியில் காட்டிய பிறகுதான் மனிதனை நிறுத்துவதைவிட எலியை நிறுத்துவது முக்கியம் என்று புரிந்தது. எலி ஏறாமலிருக்கக் கட்டுக்கயிற்றில் நீங்கள் மாட்டும் வட்டத் தகடு அந்தப் புரிதலின் மிச்சம்.

#10 அடுப்படி

நான் சீஃப் குக். அந்த வட்டத் தகட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பாதிக் கப்பல்களில் அதை அழகுக்குத்தான் மாட்டுகிறார்கள். ஒரு தகடு காற்றில் கவிழ்ந்து தொங்கும், இன்னொன்று கரைக்கு ஒட்டி நிற்கும், கேங்வே (கரைக்கு இறங்கும் ஏணிப்பாதை) ராத்திரி முழுக்க இருட்டில் கிடக்கும். எலி படித்த பிராணி, கேங்வே வழியாகவே வரும். வந்து குடித்தனம் பண்ணுவது என் ஸ்டோரில். அப்புறம் இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்பார்.

#11 கரைமருத்துவன்

சொன்னபடி படிவம். ஒன்பது கேள்விகளும் சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகளின் (2005) எட்டாம் இணைப்பில் இருப்பவை. அவை 2007 ஜூன் 15 முதல் நடைமுறையில் உள்ளன. விபத்தில்லாமல் யாராவது இறந்தார்களா, தொற்றுநோய் என்று சந்தேகப்படும்படி யாருக்காவது இருந்ததா, நோயாளி எண்ணிக்கை வழக்கத்தைவிட அதிகமா, இப்போது யாராவது நோயாளி உண்டா, மருத்துவரைக் கேட்டீர்களா, நோய் பரவக்கூடிய நிலைமை ஏதாவது கப்பலில் இருக்கிறதா, தனிமைப்படுத்தல் கிருமிநீக்கம் ஏதாவது செய்தீர்களா, ஒளிந்து வந்தவர் யாராவது, நோயுற்ற விலங்கு ஏதாவது. அவ்வளவுதான்.

எல்லோரும் கோட்டை விடுவது அடியில் உள்ள குறிப்பை. டாக்டர் இல்லாத கப்பலில் கேப்டன் எதைத் தொற்றாகச் சந்தேகிக்க வேண்டும் என்று அதில் பட்டியலே இருக்கிறது. காய்ச்சல் பல நாள் நீடித்தால் அதுவே போதும். அல்லது காய்ச்சலோடு மிகுந்த சோர்வு, நினைவு மங்கல், நெறி கட்டுதல், மஞ்சள் காமாலை, இருமல் அல்லது மூச்சுத் திணறல், வழக்கமில்லாத ரத்தக் கசிவு, வாதம். காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் திடீர்த் தடிப்பு, கடல் மயக்கம் அல்லாத கடும் வாந்தி, கடும் வயிற்றுப்போக்கு, திரும்பத் திரும்ப வலிப்பு. ஃபிட்டர் முதல் வரியிலேயே அகப்படுகிறார். 'சாதாரண ஜுரம்' என்ற கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது.

'ஆம்' என்றால் என்ன நடக்கும்? உப்புக்காற்று சொல்வது போல் தானாக நங்கூரத்தில் நிற்பதில்லை. நோய்க்காரணத்துக்காக ஒரு கப்பல் துறைமுகத்துக்குள் வருவதையே தடுக்கக் கூடாது என்பதுதான் 28-ஆம் விதியின் பொது நிலை. அந்தத் துறைமுகத்தில் வசதி இல்லையென்றால் வசதியுள்ள அடுத்ததற்கு அனுப்பலாம். நோய் பரவாது என்று தோன்றினால் ரேடியோவிலேயே 'ஃப்ரீ பிராட்டிக்' கொடுக்கலாம், அதாவது ஆள் இறங்கவும் சரக்கு கையாளவும் அனுமதி. பரவுமா என்று நான் மேசையில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டுமானால் எனக்குத் தேவை 'ஆம்' என்ற ஒற்றைச் சொல் இல்லை. இணைப்புத் தாள். யார், என்ன வேலை, எந்தத் துறைமுகத்தில் எந்தத் தேதியில் ஏறினார், அறிகுறி என்று தொடங்கியது, என்ன மருந்து கொடுத்தீர்கள், இப்போது எப்படி இருக்கிறார். அது முழுதாக இருந்தால் பத்து நிமிட வேலை. 'ஆம்' மட்டும் போட்டுவிட்டு இணைப்பைக் காலியாக விட்டால் நான் படகெடுத்துத்தான் வரவேண்டும். உங்கள் மூன்று நாள் அப்படிப் போனதா என்று யோசித்துப் பாருங்கள் அண்ணே.

#12 உப்புக்காற்று

யோசித்தேன். இணைப்பில் என்ன எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் கீழே இருந்தேன். ஆனால் விதிப் புத்தகத்தை வைத்துச் சிகரெட் கார்ட்டனை மறைக்காதீர்கள். 2020-இல் சுமார் 4 லட்சம் மாலுமிகள் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் மிதந்தோம். அதில் நானும் ஒருத்தன். பல்வலியால் துடித்த ஆளைக்கூட இறக்க விடவில்லை. இந்த 28-ஆம் விதி அப்போதும் இருந்தது.

#13 கரைமருத்துவன்

மறுக்க முடியாது. விதி இருந்தது, நாடுகள் மதிக்கவில்லை. கட்டண விஷயத்திலும் அப்படித்தான். சுகாதார நடவடிக்கைக்கான கட்டணம் உண்மைச் செலவைத் தாண்டக் கூடாது, கப்பலின் கொடியைப் பார்த்து மாற்றக் கூடாது, அமலுக்குப் 10 நாள் முன்பே வெளியிட வேண்டும் என்று 41-ஆம் விதி சொல்கிறது. கார்ட்டன் அந்தப் பட்டியலில் இல்லை. என் சக அலுவலர்கள் சிலரால்தான் கப்பல்காரர்கள் 'இல்லை' போடக் கற்றுக்கொண்டார்கள், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பல்வலிக்காரர் விஷயத்தில் மட்டும் ஒரு சின்ன முன்னேற்றம். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் 2022 திருத்தம் 2024 டிசம்பர் 23 முதல் அமலில் இருக்கிறது. உடனடி சிகிச்சை தேவைப்படும் மாலுமியைத் தாமதமின்றி இறக்குவது துறைமுக நாட்டின் கடமை என்று இப்போது எழுத்தில் இருக்கிறது.

#14 இரவுக்காவல்

டெஸ்ட் செய்தேன். பாசிட்டிவ், ஃபால்சிபாரம் கோடு தெளிவாக இருக்கிறது. முதல் கிட் காலாவதி, இரண்டாவதில்தான் பார்த்தேன். ரேடியோ டாக்டர் பெட்டியில் இருந்த மலேரியா மருந்தைத் தொடங்கச் சொல்லி, அளவை மெயிலில் எழுதி அனுப்பினார். சிறுநீர் கறுத்தாலோ பேச்சு குழறினாலோ உடனே கூப்பிடச் சொன்னார்.

மெயிலைக் கேப்டன் மேசையில் வைத்தேன். ரொம்ப நேரம் படித்தார். "ஏஜென்டுக்கு இன்றைக்கே அனுப்பு, இணைப்புத் தாளையும் சேர்த்து" என்றார். வேறொன்றும் பேசவில்லை.

இப்போது அடுத்த கவலை. கப்பலின் சுகாதாரத்துக்கான எங்கள் சானிடேஷன் சான்றிதழ் வந்து சேர்ந்த நாலாம் நாள் முடிகிறது. டாக்டர் மலேரியாவுக்காக ஏறினால் அதையும் தோண்டுவாரா?

#15 கயிற்றுமுனை

தோண்டுவார், தோண்டட்டும். அந்தச் சான்றிதழுக்கு ஆறு மாதம்தான் ஆயுள். பழைய எலி ஒழிப்புச் சான்றிதழின் வாரிசு அது. குறை ஒன்றும் இல்லையென்றால் விலக்குச் சான்றிதழ், குறை கண்டு சரிசெய்ய வைத்தால் கட்டுப்பாட்டுச் சான்றிதழ். வந்த இடத்தில் பரிசோதனை செய்ய வசதி இல்லையென்றால் ஒரு மாதம் நீட்டிப்பார்கள். எல்லாத் துறைமுகத்துக்கும் இதைக் கொடுக்கும் அதிகாரம் இல்லை, உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். உங்கள் ஏஜென்டிடம் இப்போதே பரிசோதனைக்கு மனுப் போடச் சொல்லுங்கள். முடிகிற நாளன்று கேட்டால் அவர் தலையில் கைவைப்பார். நானும் வைத்திருக்கிறேன்.

#16 அடுப்படி

அவர்கள் முதலில் வருவது சமையலறைக்குத்தான், என்னை நம்பு. ஃபிரிட்ஜ் 5 டிகிரிக்குக் கீழே, ஃபிரீசர் மைனஸ் 18, சூடாக வைப்பது 60-க்கு மேலே. இதெல்லாம் எல்லோருக்கும் மனப்பாடம். மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். கைகழுவும் பேசினில் பாத்திரம் கிடக்கும். சோப்பு டப்பா காலி. ஃபிரிட்ஜ் ரப்பர் ஓரத்தை விரலால் விலக்கினால் கறுப்பாகப் பூஞ்சை. இன்ஸ்பெக்டர் ஒருத்தர் டார்ச் அடித்தது அடுப்பின் மேல் இல்லை, மாவு மெஷினின் அடிப்பகுதியில். கரப்பான் குஞ்சுகள் வெளிச்சத்தில் சிதறி ஓடியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மோட்டார் சூட்டுக்கு அங்கேதான் குடியிருந்திருக்கின்றன.

#17 பழைய_சுக்கான்

சமையலறையைவிட எனக்குப் பயம் தண்ணீர். கடல்நீரைக் காய்ச்சி நன்னீராக்கும் எவாப்பரேட்டரில் எடுத்த தண்ணீர் கொதித்து வந்தது, சுத்தம் என்று நினைப்பார்கள். வெற்றிடத்தில் கொதிக்கவைப்பதால் அது 100 டிகிரியைத் தொடுவதே இல்லை. கிருமி தப்பித்து வந்துவிடும், அதனால் குளோரினோ அல்ட்ரா வயலட்டோ கட்டாயம். கரைக்கு அருகே அந்த மெஷினை ஓட்டவே கூடாது. நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமிக்குப் பிடித்தது வெதுவெதுப்பு. யாரும் தங்காத கேபின் ஷவரில் வாரக்கணக்கில் நின்ற தண்ணீர் அதற்கு சொர்க்கம். வாரம் ஒருமுறை திறந்து ஓடவிட வேண்டும். எத்தனை கப்பலில் செய்கிறார்கள்?

#18 உப்புக்காற்று

நாங்கள் செய்கிறோம். லாக்கில் கையெழுத்தோடு.

(சரி, லாக்கில் மட்டும் செய்த மாதங்களும் உண்டு.)

#19 ஏடுபுரட்டி

கப்பல் சமநிலைக்காகத் தொட்டியில் ஏற்றும் பல்லாஸ்ட் தண்ணீரையும் விட்டுவிடாதீர்கள். 1991-இல் லத்தீன் அமெரிக்காவில் காலரா பரவியபோது, மெக்சிகோ வளைகுடாவுக்கு வந்த சரக்குக் கப்பல்களின் பல்லாஸ்ட் தொட்டியில் அதே காலரா கிருமியைக் கண்டுபிடித்தார்கள். கப்பலில் ஒருவருக்கும் வயிற்றுவலிகூட இல்லை, ஒன்பது கேள்விக்கும் நேர்மையாகவே 'இல்லை' போட்டிருப்பார்கள். இன்றைய பல்லாஸ்ட் தரத்தில் காலரா கிருமிக்கு 100 மில்லியில் ஒன்றுக்கும் குறைவு என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். படிவம் நோயாளியைப் பிடிக்கும், தொட்டியைப் பிடிக்காது.

#20 இரவுக்காவல்

முடிந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் நங்கூரம் போட்டது அதிகாலை. அதற்குள் பிராட்டிக் ரேடியோவிலேயே வந்துவிட்டது. மலேரியா ஆளுக்கு ஆள் தொற்றாது என்பதால் கப்பலுக்குத் தடையில்லை. ஃபிட்டரை லாஞ்சில் இறக்கி மருத்துவமனைக்கு அனுப்பினோம். கரையோரம் இடம் பிடிக்கும் பெர்த் வரிசையில் எங்கள் இடம் மாறவே இல்லை.

கப்பலைக் கரையில் கட்டிய பிறகு டாக்டர் ஏறினார், கூடவே ஒரு இன்ஸ்பெக்டர். டாக்டர் என் காய்ச்சல் சார்ட்டைத்தான் கேட்டார், படிவத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு எல்லோருக்கும் வெப்பநிலை எடுத்தார், மாத்திரையை யார் யார் நிறுத்தினீர்கள் என்று தனித்தனியாகக் கேட்டார். இன்னும் இருவர் கையைத் தூக்கினார்கள், ரத்தம் எடுத்தார், நெகட்டிவ்.

இன்ஸ்பெக்டர் நேராக டெக்குக்குப் போனார். லைஃப்போட் கவர் மடிப்பில் மழைத்தண்ணீர், டயர் ஃபெண்டரில் தண்ணீர். குனிந்து ஒரு கரண்டியில் அள்ளிக் காட்டினார், புழு நெளிந்தது. மலேரியா இதிலிருந்து வந்ததா என்று கேட்டேன். இல்லை, இது டெங்கு கொசு இனம் பெருக்கும் இடம், உங்கள் ஃபிட்டரைக் கடித்தது ஆற்றங்கரைக் கொசு என்றார். எல்லாவற்றையும் கவிழ்த்துக் காயவைத்தோம்.

அடுத்து குடிதண்ணீர் ஹோஸ். மூடி இல்லாமல் தீயணைப்பு ஹோஸ்களுக்கு நடுவே டெக்கில் கிடந்தது. அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேப்டனைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, தாளில் எழுதினார். கட்டுப்பாட்டுச் சான்றிதழ்தான் கிடைத்தது, விலக்கு இல்லை.

சிகரெட் யாரும் கேட்கவில்லை, உப்புக்காற்று அண்ணே.

#21 உப்புக்காற்று

அந்தத் துறைமுகத்தின் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்பு தம்பி.

#22 இரவுக்காவல்

அனுப்பினேன். சார், ஒரு கடைசிச் சந்தேகம். நாளை கிளம்புகிறோம், அடுத்த துறைமுகம் ஆறு நாள். ஃபிட்டர் கரையிலேயே இருக்கிறார், மாற்று ஆள் ஏறிவிட்டார். இப்போது கப்பலில் நோயாளி யாரும் இல்லை. அடுத்த எம்.டி.எச்.-இல் எல்லாவற்றுக்கும் 'இல்லை' போடலாம்தானே?

#23 கரைமருத்துவன்

நான்காவதற்கு 'இல்லை' சரி. இரண்டாவது 'இருக்கிறதா' என்று மட்டும் கேட்கவில்லை, 'இந்தப் பயணத்தில் இருந்ததா' என்றும் கேட்கிறது. அதற்கு 'ஆம்'. ஐந்தாவதற்கும் 'ஆம்'. இணைப்பில் ஃபிட்டர் பெயர், இறக்கிய துறைமுகம், தேதி. டெக்கில் மருந்து ஏதாவது அடித்தார்களா? அடித்திருந்தால் ஏழாவதற்கும் 'ஆம்', இடமும் நாளும் எழுதுங்கள்.

#24 இரவுக்காவல்

அடித்தார்கள். மூன்று 'ஆம்' போட்டுக் கொண்டுபோனேன். கேப்டன் தேதியை மட்டும் ஒருமுறை சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.